அகலத்திரை ஹெச்டி டியூப் டிவியில் சூப்பர் நின்டெண்டோவை மாட்டாதீர்கள்

அமெரிக்காவில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் நடுவே சோனியின் 34 இன்ச் அகலத்திரை ஹெச்டி டியூப் டிவியான எக்ஸ்பிஆர்960-க்கு இப்போது பெரிய மவுசு. 2004-இல் சுமார் 2,200 டாலருக்கு விற்ற டிவி அது. இன்று யாராவது "வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்று சொன்னால் அன்று மாலையே வாசலில் வண்டி நிற்கிறது. தூக்கி வந்தவர்கள் முதலில் செய்வது சூப்பர் நின்டெண்டோவையோ முதல் பிளேஸ்டேஷனையோ அதில் மாட்டுவதுதான். படம் குழைகிறது, பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. டியூப் டிவி என்றால் இதுதானா என்று அலுத்துக்கொள்கிறார்கள். டிவி மேல் எந்தத் தப்பும் இல்லை. அதற்குக் கொடுத்த சிக்னல்தான் தப்பு.

சாதாரண டியூப் டிவி ஒரு வினாடிக்கு 15,734 கோடுகள் வரையும். ஹெச்டி டியூபின் சுற்று அந்த வேகத்தில் ஓடவே ஓடாது. 1080 இண்டர்லேஸுக்கு (ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு தவணையில் வரைவது) வினாடிக்கு 33,750 கோடு, 480 புரோகிரசிவுக்கு (எல்லா வரிகளையும் ஒரே தவணையில் வரைவது) அதைவிடக் கொஞ்சம் குறைவாக 31,500. இந்த இரண்டு வேகம்தான் அதற்குத் தெரியும். எனவே பழைய 480 இண்டர்லேஸ் சிக்னல் வந்தால், டிஆர்சி என்று சோனி பெயர் வைத்த டிஜிட்டல் பகுதி அதைப் பிடித்து, நினைவகத்தில் வைத்து, கோடுகளைப் பெருக்கி, பிறகே டியூபுக்கு அனுப்புகிறது. சூப்பர் நின்டெண்டோ காலத்துப் பெட்டிகள் அனுப்புவது இண்டர்லேஸே இல்லாத 240 வரி. டிஆர்சிக்கு அது புரியாது. அதையும் 480 இண்டர்லேஸ் என்றே நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னிவிடுகிறது. ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் மின்னி நிழல்போல் தோன்ற வேண்டிய உருவம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக நிற்கும். பொம்மைத் துப்பாக்கியைத் திரையை நோக்கிச் சுடும் விளையாட்டுகள் அறவே வேலை செய்யாது. திரையில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை எந்தக் கணத்தில் எந்த இடத்தைக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியைக் கணக்கிடுகிறது. இங்கே வந்த சிக்னலுக்கும் வரைகிற கற்றைக்கும் நேரத் தொடர்பே அறுந்துபோயிருக்கிறது. அந்த விளையாட்டுகளுக்கு 20 இன்ச், 27 இன்ச் சாதாரண டிவி போதும், விலையும் குறைவு.

சரி, பின் எதற்கு இந்த டிவி? 1080 இண்டர்லேஸ் காட்சிக்கு. ப்ளூரே, ஹெச்டி ஒளிபரப்பு, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து விளையாட்டுகள். இவற்றில் அது காட்டும் படத்தை இன்றைய எல்சிடி பலவற்றில் பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் ரெசல்யூஷன் இல்லை, அசைவு. 60 ஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண எல்சிடி ஒவ்வொரு படத்தையும் அடுத்த படம் வரும்வரை, அதாவது சுமார் 16.7 மில்லிவினாடி, அப்படியே நிறுத்திவைக்கிறது. ஓஎல்இடியும் அப்படித்தான். நம் கண் பந்தைத் தொடர்ந்து நகர்கிறது, திரையில் இருக்கும் பந்தோ அந்த நேரம் முழுக்க நகராமல் நிற்கிறது. அந்த முரண்தான் கண்ணில் கலங்கலாகத் தெரிகிறது. டியூபில் ஒரு புள்ளியைக் கற்றை தொட்டதும் அங்குள்ள பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு பளிச்சிட்டு மிகச் சீக்கிரம் அணைந்துவிடும். கால்பந்து ஆட்டத்தில் கேமரா மைதானத்தின் குறுக்கே வேகமாகத் திரும்பும்போது பாருங்கள். ஆட்டக்காரர் முதுகில் இருக்கும் எண்ணை ஓட்டத்திலேயே படிக்கலாம்.

ரெசல்யூஷனைப் பற்றி மிகைப்படுத்த வேண்டாம். எக்ஸ்பிஆர்960-இல் இருக்கும் சூப்பர் ஃபைன் பிட்ச் டியூபில் குறுக்குவாக்கில் சுமார் 1400 சிவப்பு-பச்சை-நீலத் தொகுதிகள்தான் இருக்கின்றன. 1920 புள்ளிகள் முழுதாகத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் நிலையங்கள் பதிவு செய்த ஹெச்டிகேம் டேப்பிலேயே குறுக்கே 1440 புள்ளிகள்தான். வந்த சரக்குக்கு ஏற்ற சல்லடை. இதே சோனியின் 34 இன்ச் ஹெச்எஸ்420-இல் இருப்பது சாதாரண பிட்ச் டியூப். அதில் எழுத்துகளின் ஓரம் தடிப்பாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் கூடுதல். நிறக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அவற்றுக்குப் பின்னாலுள்ள கிரில் என்ற கம்பி வரிசை அதிகக் கற்றையைத் தடுக்கும், அதனால் எக்ஸ்பிஆர்960 சற்று மங்கல்தான். பகல் வெளிச்சம் அடிக்கிற கூடத்தில் அதை வைப்பது வீண்.

அளவிலும் ஏமாறாதீர்கள். 34 இன்ச் அகலத்திரை என்பது 29.6 இன்ச் அகலம், 16.7 இன்ச் உயரம். உயரத்தில் அது ஒரு 28 இன்ச் பழைய 4:3 டிவிதான். மாறாக, 36 இன்ச் 4:3 ஹெச்டி டியூபில் கற்றையை நெருக்கி 16:9 படத்தைக் காட்டினால் 33 இன்ச் கிடைக்கும். ஒரு இன்ச்தான் வித்தியாசம், ஆனால் எடையில் அது இன்னும் பெரிய பூதம். இதைவிடப் பெரிதாக அகலத்திரை வேண்டுமென்றால் ஆர்சிஏவின் 38 இன்ச் எஃப்38310 உண்டு. மெல்லியதாக வேண்டும் என்று 2005 வாக்கில் சாம்சங் கொண்டுவந்த ஸ்லிம்ஃபிட்டை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழத்தைக் குறைக்கக் கற்றையை 125 டிகிரி அளவுக்கு வளைத்தார்கள். மூலைகளில் கோடு நேராக நிற்பதும் மூன்று நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதும் அதில் பெரும்பாடு.

இனி அமைப்பு. கடையில் வெளிச்சத்துக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக ஆலையிலிருந்து வரும்போதே எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மோடை 'புரோ'வுக்கு மாற்றுங்கள், கலர் டெம்பரேச்சரை 'வார்ம்'. முதல் பத்து நிமிடம் மஞ்சள் பூத்தமாதிரி இருக்கும், கண் பழகிவிடும். படம் தயாரித்தவர்கள் பார்த்த 6500 கெல்வின் வெள்ளைக்கு அருகில் இருப்பது அதுதான்.

சோனியில் 'பிக்சர்' என்ற பெயரில் இருப்பதுதான் கான்ட்ராஸ்ட். அதைப் பாதிக்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். இது ருசி சார்ந்த விஷயம் இல்லை. கற்றையில் மின்னோட்டம் கூடினால் புள்ளி பருக்கும், 1400 தொகுதி இருந்தும் பயனில்லாமல் போகும். கூடவே முழு வெள்ளைக் காட்சி வரும்போது 30,000 வோல்ட் அளவிலிருக்கும் உயர் மின்னழுத்தம் சற்று சரியும். மின்னழுத்தம் சரிந்தால் கற்றை இன்னும் எளிதாக வளையும், படம் ஓரங்களில் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். பிக்சரை இறக்கினால் இரண்டும் அடங்கும், டியூபின் ஆயுளும் நீளும்.

பிரைட்னஸை இரவில், விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். அகலமான சினிமாவில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருமல்லவா, அந்தப் பட்டை சாம்பலாகத் தெரியும் அளவுக்கு ஏற்றி, பிறகு அறையின் இருட்டோடு கலக்கும் இடம்வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். கலந்த மறுகணமே நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே போனால் கறுப்பு உடையின் மடிப்பு, இரவுக் காட்சியில் முகத்தின் நிழல் எல்லாம் விழுங்கப்படும்.

விஎம் என்று ஒரு வசதி இருக்கும், கிளியர்எட்ஜ் என்றும் எழுதியிருப்பார்கள். அணைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் காட்சியை நிறுத்திவைத்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, இதை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஆன் செய்ததும் எழுத்தின் கால்கள் மெலியும், ஓரத்தில் இல்லாத கோடு ஒன்று முளைக்கும். வெளிச்சம் மாறுகிற விளிம்பில் கற்றையின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்கிற வேலை அது. மங்கலான பழைய சிக்னலுக்கு யோசித்தது, ஹெச்டி படத்தின் முகத்தில் கீறல்தான் போடும். ஷார்ப்னஸையும் கீழேயே வையுங்கள்.

சிக்னல் கொடுக்கும் பெட்டிகளையும் சரிசெய்ய வேண்டும். ப்ளூரே பிளேயரை 'ஆட்டோ'வில் விடாமல் 1080 இண்டர்லேஸில் பூட்டுங்கள். 1080 புரோகிரசிவ் இந்த டிவிக்குத் தெரியாது, திரை கறுப்பாகத்தான் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு உள்ளேயே படத்தின் அளவை மாற்றும் நல்ல ஸ்கேலர் இருப்பதால் அதிலும் 1080 இண்டர்லேஸ். பிளேஸ்டேஷன் 3 வேறு ரகம். அதன் விளையாட்டுகள் நிறைய 720-இல் மட்டும்தான் இருக்கின்றன. அமைப்பில் 1080 இண்டர்லேஸை மட்டும் டிக் செய்தால் அந்த விளையாட்டுகள் 480-க்கு விழுந்துவிடும். 720-ஐ வாங்கவே தெரியாத ஆரம்பகால ஹெச்டி டியூப் டிவி வைத்திருந்தவர்கள் 2006-இல் இதனால்தான் கொதித்தார்கள். எக்ஸ்பிஆர்960 அதை வாங்கி 1080 இண்டர்லேஸாக மாற்றிக்கொள்ளும், ஆகவே 720, 1080 இரண்டையும் டிக் செய்யுங்கள். 720-ஐ நேரடியாக வரைய வினாடிக்கு 45,000 கோடு வேண்டும், இதன் சுற்றுக்கு அது எட்டாது. விளையாட்டுகளில் மூலையில் இருக்கும் எண்கள் வெட்டுப்படும், ஏனென்றால் சுமார் 5 சதவீதம் படம் சட்டத்துக்கு வெளியே போகிறது.

அந்த வெட்டைக் குறைக்க சர்வீஸ் மெனு உண்டு. டிவி அணைந்திருக்கும்போது ரிமோட்டில் டிஸ்ப்ளே, 5, வால்யூம் பிளஸ், பவர் என வேகமாக அடுத்தடுத்து அழுத்தினால் திறக்கும். 2, 5 பொத்தான்கள் பிரிவை மாற்றும், 1, 4 உருப்படியை, 3, 6 மதிப்பை. மியூட் அழுத்தி எண்டர் அழுத்தினால்தான் சேமிக்கும். எதையும் தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெயர் புரியாத உருப்படியில் கை வைக்காதீர்கள். அகல, உயர அளவுகள் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால் 1080-இல் செய்தது 480-க்கு வராது. 2 அல்லது 3 சதவீத வெட்டு இருக்கட்டும். முழுதாக எடுத்துவிட்டால் மேலே சொன்ன மூச்சு விடுதல் ஓரத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது: முழுச் சிவப்புத் திரை போட்டு மூலைகளில் ஊதாவோ ஆரஞ்சோ படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். டீகாஸ் (டியூபில் தேங்கிய காந்தத்தை நீக்குவது) செய்தும் போகவில்லை என்றால் யோசியுங்கள். கட்டம் கட்டமான படத்தில் மூலைக் கோடுகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்திருந்தால் கன்வர்ஜென்ஸ் விலகல். கொஞ்சம் விலகல் எல்லா டியூபிலும் உண்டு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் தலைமுடிபோல் இரண்டு மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். டிரினிட்ரான் என்ற இந்தச் சோனி டியூபின் கிரில் கம்பிகள் அதிராமல் பிடித்திருக்கும் கம்பிகளின் நிழல் அது. ஆன் செய்ததும் 'டிக்' சத்தத்தோடு அணைந்து, முன்னால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பவர் பகுதியில் கோளாறு. சோனியின் இந்தத் தலைமுறைப் பெட்டிகள் பலவற்றில் எம்சிஇசட்3001டி என்ற ஐசி அடிக்கடி போகிறது. சாலிடரிங் தெரிந்தவர் மாற்றிவிடலாம். தெரியாதவர் பின்மூடியைக் கழற்றவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆளைத் தூக்கிப்போடும் மின்சாரம் தங்கியிருக்கும்.

எடை சுமார் 89 கிலோ. அதில் பெரும்பங்கு முன்கண்ணாடிதான், பின்பக்கம் காலி. ஆகவே திரை மார்போடு ஒட்டியிருக்கும்படி இரண்டு பேர் பிடிக்க வேண்டும், மூன்றாமவர் வழி சொல்ல. பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 120 வோல்ட் என்பது சின்னப் பிரச்சினை, நல்ல டிரான்ஸ்பார்மர் போதும். பெரிய பிரச்சினை பூமியின் காந்தப்புலம். டிரினிட்ரானில் நிறக் கோடுகள் செங்குத்தானவை, அதனால் கற்றை மேல்கீழாக நகர்ந்தால் நிறம் கெடாது, பக்கவாட்டில் நகர்ந்தால்தான் கெடும். பக்கவாட்டில் தள்ளுவது காந்தப்புலத்தின் செங்குத்துப் பகுதி. அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது 40 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல், டிவி அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அந்தக் கோட்டுக்கு அருகில் என்பதால்தான். தென் தமிழ்நாட்டில் அந்தச் செங்குத்துப் பகுதி ஏறக்குறைய சுழி. டீகாஸ் ஓரளவு ஈடுகட்டும், 34 இன்ச் நுண்பிட்ச் டியூபில் ஓரங்கள் அதற்குள் முழுதாக அடங்காது. கற்றையை வளைக்கும் யோக் சுருளின் பக்கத்தில் கை வைத்து, கற்றை உரிய நிறக் கோட்டில் விழும் லேண்டிங்கைத் திரும்பச் சரிசெய்யத் தெரிந்த பழைய கை ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறார் என்றால் மட்டும் கப்பல் செலவைப் பற்றிப் பேசுங்கள்.