சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் லிமொன்செல்லோவா? அந்த ஃபார்வர்டை நம்பாதீர்கள்

"இத்தாலிய எலுமிச்சை மது லிமொன்செல்லோவுக்கு 95% ஆல்கஹால் வேண்டும், மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டே போதும். கரியில் வடிகட்டிப் பற்றவையுங்கள், நீலமாக எரிந்தால் சுத்தம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லிமொன்செல்லோவுக்கு 95% ஆல்கஹால் பயன்படுத்துவார்கள் என்பதைத் தவிர எல்லாமே தவறு.

இத்தாலியில் மளிகைக் கடையிலேயே 95–96% உணவுத்தர எத்தனால் விற்கிறார்கள். துடைப்பதற்கான ஸ்பிரிட்டும் அங்கே உண்டு. யாரும் மாற்றிக் குடித்துவிடக் கூடாதென்று அதற்கு இளஞ்சிவப்பு நிறமேற்றியிருப்பார்கள். நம் ஊர் ஸ்பிரிட் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்: ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் (குடிக்கக் கூடாத வேறொரு ஆல்கஹால்) என்றோ, 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்றோ இருக்கும்.

இப்படிப்பட்ட ஸ்பிரிட்டில் கலந்திருக்கக்கூடிய நச்சு ஆல்கஹாலான மெத்தனாலும் மங்கிய நீலத்தில்தான் எரியும், பகலில் சுடரே தெரியாது. அதனால் தீச்சோதனை எதையும் காட்டாது, கையைத்தான் சுடும். கரி மெத்தனாலைப் பிடித்து நிறுத்தாது. கொதிக்கவைத்தாலும் முழுதாகப் பிரியாது. சுமார் 10 மில்லி மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனாலால்தான்.

95% கிடைக்காவிட்டால் லேபிளில் 42.8% என்று அச்சிட்ட வோட்கா போதும். 750 மில்லிக்கு 8 எலுமிச்சையின் மஞ்சள் தோல். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும்; நம் நாட்டு எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, பொறுமையாகச் சீவ வேண்டும். வலு குறைவென்பதால் மூன்று வாரம் ஊறட்டும். பிறகு 200 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீரில் காய்ச்சி ஆறிய பாகு.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே ஸ்பிரிட்டில் செய்ததைக் குடித்தவர்கள் கண் மங்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.