எல்லா வேகச் சீட்டுக்கும் வழக்கறிஞர் தேவையா?

ஒன்ராறியோவில் வேக மீறலுக்கான அபராதச் சீட்டு எதுவானாலும் வழக்கறிஞரை அமர்த்தி எதிர்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வேக எல்லைக்கு மேல் மணிக்கு 15 கிலோமீட்டர் வரை சென்றவருக்கு டிமெரிட் புள்ளி (ஓட்டுநர் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளி) எதுவும் பதியப்படுவதில்லை. 16 முதல் 29 வரை 3 புள்ளிகளும், 30 முதல் 49 வரை 4 புள்ளிகளும் விழும். புள்ளி இல்லாவிட்டாலும் குற்றத்தீர்ப்பு ஓட்டுநர் பதிவில் ஏறுவதால் காப்புறுதிக் கட்டணம் உயரக்கூடும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும்.

சிறிய மீறலாயின், சீட்டுக் கிடைத்த 15 நாட்களுக்குள் விண்ணப்பித்து அரசுத் தரப்பு வழக்குரைஞரை நாமே சந்தித்துக் குற்றச்சாட்டைக் குறைக்கும்படி கேட்கலாம். உதவி தேவைப்பட்டால் உரிமம் பெற்ற பாராலீகல் (வழக்கறிஞர் அல்லாத, இத்தகைய சிறு வழக்குகளில் வாதாடக்கூடிய சட்டப் பணியாளர்) ஒருவரே போதும். வீதியில் காவலர் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்து எழுதியிருந்தால் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் வழக்கு விசாரணைக்குப் போகும்போது முதலில் பதிவான வேகத்தையே மீண்டும் முன்வைக்க அரசுத் தரப்பு கோரலாம்.

ஜி2 உரிமம் (முழு உரிமத்துக்கு முந்தைய கட்டப் புது ஓட்டுநர் உரிமம்) வைத்திருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. 4 புள்ளிக் குற்றம் ஒன்று உறுதியானாலே முதல் தடவையில் 30 நாட்களுக்கு உரிமம் இடைநிறுத்தப்படும் என்பதால், அங்கே சட்ட உதவிக்குச் செலவிடத் தயங்கக்கூடாது. நெடுஞ்சாலையில் எல்லையை 50 கிலோமீட்டரோ அதற்கு மேலோ மீறினால் அது ‘ஸ்டண்ட் டிரைவிங்’ என்னும் கடுமையான ஓட்டுநர் குற்றம் ஆகிவிடும். வாகனம் 14 நாட்களுக்குப் பறிமுதல், குறைந்தபட்ச அபராதம் 2,000 டாலர், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. அத்தகைய வழக்கில் அனுபவமுள்ள வழக்கறிஞரைத் தாமதமின்றி நாடுங்கள்.