கொண்டக்டரின்ர கை

போன கிழமை அக்கா குடும்பத்தைக் கட்டுநாயக்காவில பிளேன் ஏத்திப்போட்டு, உடன திரும்பாமல் மூண்டு நாள் கொழும்பில நிண்டன்.

கொழும்பு எனக்குப் புதுசில்லை. கிளிநொச்சியில கராஜ் வச்சிருக்கிறன். மாசத்தில ஒருக்கா பஞ்சிகாவத்தைக்குச் சாமான் எடுக்கப் போறனான். ஆனா அது இரவு பஸ்ஸில ஏறி, விடியப்புறம் புறக்கோட்டையில கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, ஓட்டோ பிடிச்சு, கிளச் பிளேட்டையும் பெயரிங்கையும் சாக்கில கட்டிக்கொண்டு அடுத்த இரவு பஸ்ஸில திரும்புற கொழும்பு. என்ர டொல்பின் வானை நானே ஓட்டிக்கொண்டு அந்த ஊருக்குள்ள இறங்கினது இதுதான் முதல் தரம்.

கட்டுநாயக்காவில இருந்து பேலியகொடை வரைக்கும் ஒரு சோலியும் இல்லை. 2013 இல திறந்த அதிவேகப் பாதை, இருபத்தஞ்சு கிலோமீற்றர் சொச்சம். வானுக்கே தான் இவ்வளவு நல்லா ஓடுவன் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சிருக்கும். பேலியகொடையில இறங்கினாப் பிறகு மருதானைக்குப் போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுத்தது. எல்லாப் பக்கத்தாலயும் வாகனம். என்ர கண்ணாடிக்கும் பக்கத்து ஓட்டோவின்ர கண்ணாடிக்கும் இடையில ஒரு தீப்பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான். பின்னுக்கிருந்து ஹோன். முன்னுக்கு ஒரு மோட்டச் சைக்கிள்காரன் இடது பக்கத்தால வந்து வலது பக்கத்துக்கு வெட்டுறான். நான் முறிகண்டிப் பிள்ளையாரை நினைச்சன். வரேக்க அவருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் வந்தனான், ஆனா அவற்ற எல்லை அங்கால மாங்குளத்தோட முடிஞ்சுதோ எண்டு ஒரு சந்தேகம்.

ரெண்டாம் நாள்தான் கண் திறந்தது.

வெள்ளவத்தையில மச்சான்ர பிளட்டில நிண்டனான். காலையில காலி வீதிக்கு ஏற நிக்கிறன். நூறாம் நம்பர் பஸ் ஒண்டு ஹோல்ட்டில ஆக்களை ஏத்திக்கொண்டு நிண்டது. எனக்கு இடம் இருக்கெண்டு முன்னுக்கு எடுக்கிறன், பஸ்ஸின்ர மிதிபலகையில இருந்து ஒரு கை வெளிய வருது. கொண்டக்டரின்ர கை. உள்ளங்கை கீழ பாத்தபடி மெல்ல ரெண்டு தரம் தட்டுற மாதிரி அசைஞ்சுது. "பொறு, பொறு" எண்ட அர்த்தம். முகத்தை அவன் திருப்பவே இல்லை, மற்றக் கையால மிச்சக் காசு எண்ணிக்கொண்டு நிக்கிறான். நான் பிறேக்கில கால் வச்சன். எனக்குப் பின்னால நிண்ட காரும் பிறேக்கில கால் வச்சது. அத்தனை பெரிய பஸ் ஒரு சுரண்டல் இல்லாமல் நடு றோட்டுக்கு ஏறினது. ஏறினாப் பிறகு அதே கை ஒருக்கா மேல போய் இறங்கினது, நன்றி சொல்லுற மாதிரி. அந்த ஒரு கைக்கு நாலு வாகனம் கட்டுப்பட்டதைப் பாத்து நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்க, பின்னால இருந்தவன் ஹோன் அடிச்சான். அது திட்டுற ஹோன் இல்லை. சின்னதா ஒரு "பீப்". நித்திரையோ எண்டு கேக்கிற மாதிரி.

அதுக்குப் பிறகு நான் கைகளையும் கண்களையும் பாக்கத் தொடங்கினன். ஓட்டோக்காரன் விரலைக் காட்டினா வெட்டப்போறான். கார்க்காரன் லைற்றை ஒருக்கா மினுக்கினா "நீ போ", ரெண்டு தரம் மினுக்கினா "நான் வாறன்". ஆக்கள் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில (அதை வெள்ளைக் கோடாக்கிக் கனகாலம், எங்கட வாய்க்கு இன்னும் மஞ்சள்தான்) ஒரு அம்மா காலை வைக்கிறதுக்கு முதலே நாலு வரிசையும் நிக்குது. அந்த ஊரில எல்லாரும் அவசரத்திலதான் ஓடுறாங்கள், பொல்லாத சுயநலத்திலதான் ஓடுறாங்கள், எண்டாலும் பக்கத்தில ஒருத்தன் இருக்கிறான் எண்ட நினைப்போட ஓடுறாங்கள். இருபது கிலோமீற்றர் வேகத்தில ஆளையாள் பேரம் பேசுற மாதிரி ஒரு ஓட்டம்.

எல்லாம் வடிவெண்டு சொல்ல வரேல்லை. பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில காலி வீதியும் டூப்ளிக்கேஷன் றோட்டும் ஒருவழிப்பாதை. ஒரு திருப்பத்தை விட்டா முழுச் சுத்து. நான் விட்டன். மூண்டாந்தரமும் கதிரேசன் கோயிலைக் கடக்கேக்க மச்சான் சொன்னான், "அத்தான், இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல பலன் கிடைக்கும்." பிறகு ஒரு இடத்தில றோட்டுக் கோட்டைத் தாண்டிப்போட்டன், மோட்டச் சைக்கிளில வந்த பொலிஸ் மறிச்சார். என்ர நம்பர் பிளேட்டில இன்னும் வட மாகாண 'என்பி' இருக்கு. (இப்ப வாற புதுப் பிளேட்டுகளில மாகாண எழுத்தே இல்லை, நல்ல விசயம்.) லைசென்சைப் பாத்துப்போட்டு, "யாப்பனயத?" எண்டு சிங்களத்தில கேட்டார், யாழ்ப்பாணமோ எண்டு. கிளிநொச்சி எண்டன். "ஆ, யாப்பனய" எண்டு தலையாட்டினார். மதவாச்சியைத் தாண்டினா எல்லாமே அவையளுக்கு யாழ்ப்பாணம்தான். சில யாழ்ப்பாணத்தாருக்கு நாங்கள் யாழ்ப்பாணமே இல்லை எண்டுறது வேற கதை, அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கொள்ளுவம். இனிமேல் கோட்டைக் கவனி எண்டு சொல்லி விட்டுட்டார்.

அவர் மறிச்ச அந்த அரை நிமிசத்தில எனக்குக் கை குளிர்ந்தது உண்மை. 2007 யூன் 7 ஆம் திகதி, லொட்ஜுகளில நிண்ட தமிழாக்களை விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பின நகரம் இது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த நேரம் வடக்குக்குப் போற ஏ9 பாதையும் பூட்டு. அதெல்லாம் தெரிஞ்ச உடம்புக்கு, பொலிஸ்காரர் உண்மையாவே கோட்டுக்காகத்தான் மறிச்சவர் எண்டு நம்பக் கொஞ்ச நேரம் எடுக்குது.

சரி, நான் சொல்ல வந்த விசயம் வேற.

மூண்டு நாளும் கொழும்பில ஓடினனான். ஒரு அடிபாடு கூடக் காணேல்லை. கண்ணாடி உரசினது, பம்பரில கோடு விழுந்தது எத்தினையோ இருக்கும். ஆள் விழுந்து கிடந்ததைக் காணேல்லை. திரும்பி வாற வழியில, ஓமந்தை தாண்டி இருட்டேக்க, என்ர ஊர் றோட்டில எனக்குப் பயம் வந்தது. கொழும்பில வராத பயம்.

சொல்லுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு, ஏனெண்டா அடிபட்ட வாகனம் கடைசியா வந்து நிக்கிறது என்ர கராஜிலதான். கொழும்பு வாகனம் ஒண்டைப் பிரிச்சுப் பாத்தா கிளச் பிளேட் தேஞ்சிருக்கும், பிறேக் பாட் முடிஞ்சிருக்கும். மனுசன் காலை எடுக்காமல் மிதிச்சிருக்கிறான் எண்டு அர்த்தம். எங்கட பக்க வாகனத்தில பிறேக் பாட் புதுசு மாதிரி இருக்கும். ஹோன் ஊர் அதிரும், பின் லைற் எரியாது. "அண்ணை, பிறேக் லைற் வயர் அறுந்திருக்கு, போட்டுவிடவோ?" எண்டு கேட்டா, "அதை விடு தம்பி, உந்தப் பாட்டுப்பெட்டி ஏன் இரையுது எண்டு பார்" எண்ட பதில் எத்தினை தரம் கேட்டிருப்பன்.

ஏ9 இப்ப காப்பெட் றோட்டு. ஆளில்லை, வளைவில்லை, மாங்குளத்தில இருந்து முறிகண்டி வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரிக் கிடக்கு. அந்த வெறுமைதான் ஆக்களைக் கொல்லுது. முன்னுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு நூறில போறான் பெடியன். முன்னுக்கு லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் (பின்னால பெட்டி கொழுவின ரெண்டு சில்லு உழவு மிசின்) போகுது. அதுக்கு முன்னால சூடான தாருக்கு ஆசைப்பட்டு நடுறோட்டில படுத்துக் கிடக்குது மாடு. அறுவடைக் காலத்தில பாதி றோட்டில நெல் காயுது, காவலுக்குப் பெரிய கல்லு நாலு வச்சிருக்கு, இரவில அந்தக் கல்லை எடுக்க ஒருத்தரும் வாறதில்லை. மணல் டிப்பரைப் பற்றி எழுதினா இந்தப் பதிவு காணாது. பொலிஸ் ஸ்பீட் கன்னோட மரத்துக்குக் கீழ நிண்டா மட்டும் எதிர வாற அத்தினை பேரும் லைற்றை மினுக்கிக் காட்டுவம். அதில எங்கட ஒற்றுமையை அடிக்க ஆளில்லை. மாடு படுத்திருக்கு எண்டு மினுக்கிக் காட்டினவன் ஒருத்தனை நான் இன்னும் காணேல்லை.

ஏன் இப்பிடி எண்டு வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தன். கொழும்பில 1899 ஆம் ஆண்டே மின்சார ட்ராம் ஓடினது. நாலு தலைமுறை வாகனத்துக்கு நடுவில வளந்த சனம். எங்களுக்கு? சண்டை நேரம், வடக்குக்குப் பெற்றோல் விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில அப்பா மோட்டச் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினவர். ஊசி மருந்துச் சிறிஞ்சில ரெண்டு சொட்டுப் பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பின்னால கரும்புகை. கிடங்கும் பள்ளமுமான றோட்டில முப்பதுக்கு மேல போகவே ஏலாது. மற்ற எல்லாருக்கும் லுமாலாச் சைக்கிள். 2002 இல பாதை திறந்தது, 2006 இல திரும்பப் பூட்டினது. 2009 க்குப் பிறகு ஒரு சில வருசத்துக்குள்ள காப்பெட் விழுந்தது, லீசிங்காரர் வீடு தேடி வந்து வாகனம் குடுத்தினம். சைக்கிளில இருந்து இறங்கின சனம் நேர நூறுக்கு ஏறினது. நடுவில இருக்கிற அறுபதையும் எழுபதையும் பழக எங்களுக்கு ஆர் நேரம் தந்தது?

இதைச் சாட்டாச் சொல்லேல்லை. மாடு கட்டுறதுக்கு நூறு வருசப் பழக்கம் தேவையில்லை, ஒரு கயிறு காணும். பின் லைற் பல்பின்ர விலை உங்களுக்குத் தெரியும். வைக்கல் ஏத்திக்கொண்டு இருட்டில வாறவருக்கு "நான் இஞ்ச இருக்கிறன்" எண்டு காட்ட விருப்பமில்லை, பின்னால வாறவருக்கு "அங்க ஒருத்தன் இருப்பான்" எண்டு நினைக்க விருப்பமில்லை. செத்த வீட்டில மட்டும் ரெண்டு பேரும் "விதி" எண்டுவினம்.

பஞ்சிகாவத்தையில இந்த முறை வழமையான சாமானோட ஒரு சுருள் சிவப்பு றிஃப்ளெக்டர் ஸ்ரிக்கரும் வாங்கினன். வாற லாண்ட்மாஸ்டர் பெட்டி எல்லாத்துக்கும் காசில்லாமல் ஒட்டி விடுறது எண்டு முடிவு. முதல் ஆள் பக்கத்துக் காணி ஐயா. பெட்டியின்ர பின் பலகையைத் துடைச்சு, நாலு மூலையிலயும் வடிவா ஒட்டினன். தள்ளி நிண்டு பாத்துப்போட்டு, "என்ன தம்பி, பொம்பிளை அழைக்கப் போற வண்டி மாதிரிக் கிடக்கு" எண்டு சிரிச்சார்.

நேற்றுப் பின்னேரம் பொழுதுபட்டாப் பிறகு வட்டக்கச்சியில இருந்து வாறன். முன்னுக்கு ஒரு கறுப்பு உருவம் அசையுது. கிட்டப் போய்ப் பிறேக்கை ஊண்டினாப் பிறகுதான் தெரிஞ்சது ஐயான்ர லாண்ட்மாஸ்டர் எண்டு. பெட்டி நிறைய வைக்கல். அது பின்னால சரிஞ்சு, நான் ஒட்டின நாலு ஸ்ரிக்கரையும் மூடிக்கொண்டு றோட்டைக் கூட்டிக்கொண்டு போகுது.