ஈஸ்ட் படிச்சு என்ன செய்யப் போறாய்?

உயிரியல் பிரிவில் படித்து மருத்துவம் கிடைக்காத பிள்ளையைத் திருகோணமலையில் செத்தவீடு மாதிரித்தான் விசாரிப்பார்கள். உவர்மலையில் எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளைக்கு மருத்துவபீடம் போக இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) போதவில்லை. ஈஸ்ட் போன்ற பங்கசுகளின் பரம்பரையலகு (ஜீன்) பற்றிப் படிக்க ஆசை என்றாள். "ஈஸ்ட் படிச்சு என்ன, அப்பக்கடையோ போடப்போறாய்?" என்று கேட்டார் ஒரு மாமா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1964இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனேடிய மருத்துவக் குழு அங்கிருந்து மண் கொண்டுவந்தது. அந்த மண்ணின் பற்றீரியா ஒன்றிலிருந்து மொன்றியலில் விஞ்ஞானி சுரேன் சேகலின் குழு பிரித்தெடுத்த பொருள்தான் ரப்பாமைசின். மனிதருக்கு நோய் தரும் கன்டிடா பங்கசை நன்றாக அடக்கியது. ஆனால் நோயெதிர்ப்பையும் சேர்த்து அடக்கியதால் பங்கசு மருந்துக் கனவு அத்தோடு சரி. ஆய்வுகூடம் மூடப்பட்டபோது சேகல் அந்தப் பற்றீரியாவை வீட்டு பிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். (வீட்டுக்காரி என்ன சொன்னாவோ!)

ரப்பாமைசின் கலத்துக்குள் எதைப் பிடிக்கிறது என்று காட்டிக்கொடுத்தது ஈஸ்ட்தான். 1991இல் ஹெய்ட்மன், மோவா, ஹால் என்ற விஞ்ஞானிகள் மூவரும் ரப்பாமைசின் கலந்த ஊடகத்தில் ஈஸ்டை வளர்த்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே வளராமல் நிற்க, அங்கொன்று இங்கொன்றாகச் சில மட்டும் புள்ளியாக எழும்பின. ஏன் என்று தேடியபோது மூன்று பரம்பரையலகுகள் அகப்பட்டன: எஃப்பிஆர்1, டோர்1, டோர்2. பெரும்பாலும் பழுதாகியிருந்தது முதலாவது. ரப்பாமைசின் தனியே வேலை செய்யாது. எஃப்பிஆர்1 புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் டோரைப் பிடிக்கும். ஒட்ட ஆளில்லையென்றால் மருந்து சும்மா.

டோர், சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கும் புரதம். நைதரசனும் அமினோ அமிலமும் கிடைத்தால் கலத்தை வளரவிடும். ரப்பாமைசின் அதை முடக்கினால், சாப்பாடு நிறைந்த ஊடகத்திலேயே ஈஸ்ட் பட்டினி என்று நினைத்து வளர்ச்சியை நிறுத்தித் தன் உள்பாகங்களையே தின்னத் தொடங்கும். அந்தத் 'தன்னைத் தின்னல்' எப்படி நடக்கிறது என்று ஈஸ்டில் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமிக்கு 2016இல் நோபல் பரிசு.

அதே டோர் நமக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் பங்கசு மருந்தாக உதவாத பொருள், நோயெதிர்ப்பை அடக்கி, மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தாக 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிரோலிமஸ் என்பது இதுதான். பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் படுத்தும் பாட்டைப் பார்க்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ஈஸ்டை நக்கலடிக்கிறோம்.

டொக்டர்மாரைக் குறைத்துச் சொல்லவில்லை. 2009இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸ் என்ற பங்கசை உலக சுகாதார நிறுவனம் 2022இல் மிக ஆபத்தான நான்கு பங்கசுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதில் பல வகைகள் புளூகொனசோல் என்ற பங்கசு மருந்துக்கு மசிவதேயில்லை. மருந்து பிடிக்கவேண்டிய புரதத்தின் பரம்பரையலகில் சின்னதாக ஒரு விகாரம் (மாற்றம்) வந்தாலே அந்த நிலை வரலாம். எந்த இடத்தில் விகாரம் என்று உட்கார்ந்து தேட ஆளில்லாவிட்டால், வாட்டில் நிற்கிற டொக்டர் எதை நம்பி மருந்து எழுதுவது, மாமா?