டெல்டாவில் ஓட்டுகிறவனுக்கு எந்த ஃபிரேம்?

மச்சான் மகன் போன வாரம் கும்பகோணத்திலிருந்து போன் செய்தான். ரோடு சைக்கிள் வாங்கப் போகிறானாம். "மாமா, கார்பனா அலுமினியமா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தையில் முடியவில்லை, அரை மணி நேரம் பேசினோம். இந்த வருடம் இதே கேள்வியை என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அவன். அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு.

முதலில் நாம் ஓட்டுகிற மண்ணைப் பார்க்க வேண்டும். ஞாயிறு விடிவதற்குள் தஞ்சாவூரிலிருந்து கிளம்பித் திருவையாறு, அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை. இதுதான் என் பாதை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று திருவையாறு போய்ச் சேர்வதற்குள் ஐந்து பாலம் ஏறி இறங்கினால், மேடு என்று சொல்ல அவ்வளவுதான். நல்ல கார்பன் ஃபிரேம் சுமார் ஒரு கிலோ இருக்கும். அலுமினியம் ஒன்றரை, நல்ல ஸ்டீல் இரண்டு. ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 85 கிலோ உருளும்போது அந்த ஒரு கிலோவுக்காக ஐம்பதாயிரம் கூடக் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. சமதளத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது காற்று. ஆடி மாதத்தில் கல்லணையைப் பார்த்து மேற்கே மிதித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் ஃபிரேம் எடை குறைந்து ஒன்றும் ஆகாது, உடம்பைக் குனிந்து ஓட்டினால் ஆகும்.

அடுத்தது, "ஸ்டீல் மெத்தென்று போகும், அலுமினியம் இடுப்பை ஒடிக்கும்" என்ற பேச்சு. இதில் கொஞ்சம் உண்மை இருந்த காலம் உண்டு. அலுமினியத்தின் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டக் குழாயைப் பருமனாக்குவார்கள். குழாய் பருத்தால் விறைப்பு பல மடங்கு ஏறும். ஆரம்ப கால அலுமினிய ஃபிரேம்களில் இது அளவு மீறிப் போனதால்தான் அந்தப் பெயர். இப்போது குழாயை இடத்துக்குத் தகுந்தபடி வடிவமைக்கிறார்கள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் கார்பனில் வருகிறது. அதைவிட முக்கியம், எந்த ஃபிரேமும் மேலும் கீழுமாக வளைவது மிகமிகக் கொஞ்சம். குலுக்கலை வாங்கிக்கொள்வது டயர்.

என் வண்டி அலுமினியம். 25 மில்லிமீட்டர் அகல டயரில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடித்து இரண்டு வருடம் ஓட்டினேன். பாபநாசம் போய்வந்தால் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போகும், மத்தியானம் வரை சரியாகாது. ஃபிரேமைத்தான் குறை சொன்னேன். அப்புறம் 28 டயர் மாட்டிக் காற்றை 75க்கு இறக்கினேன். அதே ஃபிரேம், அதே ரோடு, மரப்பு நின்றுவிட்டது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் ஒதுங்கி மண்ணில் இறங்க வேண்டும். அறுவடை மெஷின் சங்கிலி உதிர்த்த வயல்சேறு காய்ந்து கல்லாகக் கிடக்கும். 32 போட்டால் இன்னும் சுகமாக இருக்கும், ஆனால் என் ஃபோர்க்கில் இடமில்லை. வாங்கும்போது பார்க்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான்.

அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாயில் ஒரு தடவை விரிசல் விட்டுவிட்டது. கரந்தையில் ஒரு கேஸ் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் உப்புத்தாள் போட்டுப் பெயின்டைத் தேய்த்து எடுத்தார். குழாயைச் சுடவைத்து, பித்தளைக் கம்பியின் நுனியை வெண்காரத்தில் தொட்டு வைத்தார். குழாய் செந்நிறம் ஆனதும் பித்தளை இளகி விரிசலுக்குள் தானே ஓடிப்போய் உட்கார்ந்தது. இருபது நிமிடம். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனி அம்பத்தூரில் சைக்கிள் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து நம்மூர்க் கைகளுக்கு ஸ்டீல் பழக்கம். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இன்றைய மெல்லிய குரோமோலி ஸ்டீல் குழாய்க்குச் சூடு மிஞ்சக் கூடாது, பொறுமையான கை வேண்டும். ஆனாலும் வழி இருக்கிறது.

அலுமினியத்தில் விரிசல் விட்டால் வெல்டிங் மட்டும் போதாது, 6061 என்ற அலுமினியக் கலவை ரகத்துக்குப் பழைய வலு திரும்ப மறுபடி சூட்டுப்பதமும் கொடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத நமக்கு அந்த ஃபிரேம் போனது போனதுதான். ஆனால் நாம் ஓட்டும் ஓட்டுக்கு அது சீக்கிரம் விரிசல் விடாது. அலுமினிய வண்டி விழுந்தால் முதலில் வளைவது கியர் தொங்கும் ஹேங்கர். வண்டியோடு கூடவே ஒரு ஹேங்கர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், அவசரத்துக்குத் தஞ்சாவூரில் கிடைக்காது.

கார்பன் நல்ல பொருள். ஓடும்போது வரும் பாரத்தைத் தாங்கும்படி இழையை அடுக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் விழும் அடிதான் அதற்கு ஆகாது. நண்பர் ஒருவர் பழைய கார்பன் வண்டி வாங்கினார். விற்றவர் சீட் கம்பியை இறுக்கும் கிளாம்பை அளவு பார்க்காமல் முறுக்கியிருந்தார் போல. கிளாம்புக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பெயின்ட் கீறலா, உள்ளேயே பிளந்திருக்கிறதா என்று இந்த ஜில்லாவில் பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. நாணயத்தால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டோம். மனசில் சந்தேகம் வந்த வண்டியில் எப்படி வேகமாகப் போவது? நான்கு மாதமாக அது சுவரில் தொங்குகிறது. டீக்கடைச் சுவரில் சாய்த்துவைத்து, ரயிலில் பார்சல் போட்டு ஓட்டுகிற நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, அருமையான பொருள், விலையைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: உப்புக்காற்றில் ஸ்டீல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வருடம் ஒருமுறை சீட் கம்பியைக் கழற்றிக் குழாய்க்குள் எண்ணெய் விட்டு, வண்டியைக் கவிழ்த்துப் புரட்டுங்கள். அலுமினிய ஃபிரேமிலும் அலுமினிய சீட் கம்பி வியர்வையிலும் உப்பிலும் இறுகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் தடவுங்கள்.

ஆகவே மச்சான் மகனுக்கு நான் சொன்னது: புதிதாக வாங்கினால் அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 32 டயருக்கு இடம். உன் உயரத்துக்குச் சரியான அளவில் நல்ல குரோமோலி கிடைத்தால் யோசிக்காமல் அதை எடு. கார்பனுக்கு ஒதுக்கிய மீதிப் பணத்தில் நல்ல டயரும் பின்பக்க விளக்கும் வாங்கு.

அவன் இன்னும் முழு மனசாக ஒத்துக்கொள்ளவில்லை. வரும் ஞாயிறு கும்பகோணத்திலிருந்து முதல் ரயிலில் வரச் சொல்லியிருக்கிறேன். என் வண்டியின் சீட்டை அவன் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்து, போகும்போது 100 காற்றில், வரும்போது 75 காற்றில் திருவையாறு வரை ஓட்டவிடப் போகிறேன். காற்றுப் பம்பு இப்போதே பையில் இருக்கிறது.