சறுக்கல் இரண்டாவது படியில்தான்

எஞ்சினியர் ஒருவர் மேனேஜர் ஆகும்போது அறிவுரை சொல்ல ஊரே வரும். அதே ஆள் சில வருடம் கழித்து மேனேஜர்களுக்கு மேனேஜர் ஆகும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. மென்பொருள் துறையில் நல்ல தலைகள் உருண்டு விழுவது அங்கேதான் என்பது என் கருத்து.

முதல் படியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஏழு பேர் கொண்ட டீம், ஆளுக்கு வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன் என்றால் மூன்றரை மணி நேரம். அங்கே கிளம்பும் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்க இன்னும் அவ்வளவு நேரம். ஆக, வாரத்தில் ஒரு முழு நாள் காலி. மிச்ச நேரத்தில் கோட் எழுதலாமா? தாராளமாக. ஆனால் தாமதமானால் ரிலீஸையே நிறுத்திவைக்கும் வேலையைத் தொடக் கூடாது. புது மேனேஜர்கள் செய்வது நேர் எதிர்: கஷ்டமான மாட்யூலைத் தன் பெயரில் போட்டுக்கொள்வார்கள், மீட்டிங்கில் மாட்டிக்கொள்வார்கள், புல் ரிக்வெஸ்ட் (எழுதிய கோடைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) பாதியில் நிற்கும், அதை நம்பி மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக ஓடும் டெஸ்ட்டுகளைச் சீர்செய்வது, உள்உபயோகத்துக்கான டூல் எழுதுவது மாதிரி, தள்ளிப்போனாலும் யாரும் காத்திருக்காத வேலையாக எடுக்க வேண்டும்.

கூகுள் 2008-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் ஆக்சிஜன் ஆய்வு முதலில் பட்டியலிட்ட நல்ல மேனேஜரின் எட்டு குணங்களில் முதலிடம் நல்ல பயிற்சியாளராக இருப்பதற்கு. தொழில்நுட்பத் திறமை எட்டாவது. 'மேனேஜருக்கு டெக்னிக்கல் அறிவே வேண்டாம்' என்று வாதாட இதைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடைசி என்றாலும் அது பட்டியலில் இருக்கிறது.

இப்போது இரண்டாவது படி. உங்களுக்குக் கீழே நான்கு மேனேஜர்கள், அவர்களுக்குக் கீழே முப்பது பேர். நேற்றுவரை டீமின் வேலைகளைக் காட்டும் போர்டைப் பார்த்தாலே எது சிக்கியிருக்கிறது என்று தெரிந்தது. இன்று நான்கு பேர் சொல்வதுதான் உங்களுக்குத் தெரிந்த உலகம். எஞ்சினியர் சொல்கிறார்: "கோட் முடிஞ்சுது, டெஸ்ட்டிங்தான் பாக்கி, ஆனா டெஸ்ட் சர்வர் இன்னும் கைக்கு வரல." லீட் அதை "90 சதவீதம்" ஆக்குகிறார். மேனேஜர் ஷீட்டில், எல்லாம் சரி என்று பச்சை அடிக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த 'ஆனா' மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. தர்பூசணி ஸ்டேட்டஸ் என்று கிண்டலடிப்பது இதைத்தான்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

"எப்போ முடியும்?" என்று கேட்டால் தேதிதான் கிடைக்கும். "யாருக்காகக் காத்திருக்கீங்க, எத்தனை நாளா?" என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும். மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டமான புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் சுருக்கத்தைப் படிக்காமல் முழு இன்சிடென்ட் ரிப்போர்ட்டையும் படியுங்கள். புல் ரிக்வெஸ்ட் திறந்த நாளிலிருந்து புரொடக்‌ஷனுக்குப் போகும்வரை எத்தனை நாள் ஆகிறது என்று மாதாமாதம் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது எஞ்சினியர்களிடம் நேரடியாகப் பேசுங்கள். ஆனால் அந்த இடத்தில் எந்த முடிவும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நடுவில் இருக்கும் மேனேஜரை அடுத்த வாரத்திலிருந்து யாரும் மதிக்க மாட்டார்கள், எல்லாப் பஞ்சாயத்தும் உங்கள் மேஜைக்கே வரும்.

தேதி தவறும்போது மேலிடம் "நாலு பேர் தரட்டுமா?" என்று கேட்கும். மென்பொருள் திட்டங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார், தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று. எட்டுப் பேருக்குள் இருவர் இருவராகப் பேச 28 இணைப்புகள். பன்னிரண்டு பேரானால் 66. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே மூச்சு முட்ட ஓடுகிறவர்கள். ஆள் வாங்குவதைவிட, ரிலீஸில் எதை விட்டுவிடலாம் என்று பேரம் பேசுவது கௌரவக் குறைச்சலாகத் தெரியலாம். பலன் தருவது அதுதான்.

இந்தப் படியில் நீங்கள் எழுதும் கோட், டீம்களுக்கு நடுவே போடும் எல்லைக்கோடுதான். ஒரு நிறுவனத்துக்குள் யார் யாருடன் பேசுகிறார்களோ அந்த வடிவத்திலேயே அது கட்டும் சிஸ்டமும் அமையும் என்று கம்ப்யூட்டர் விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். கடைசியாக வெளியான பத்து ஃபீச்சர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் இரண்டு மூன்று டீம்கள் கை வைக்க வேண்டியிருந்தால் கோளாறு ஆட்களிடம் இல்லை, நீங்கள் பிரித்த விதத்தில்.

இன்னொன்று. மேனேஜர் நிலையில் ஓரிரு வருடம் இருந்துவிட்டு ஆட்களை மேய்க்காமல் தொழில்நுட்பத்திலேயே உயரும் ஸ்டாஃப் எஞ்சினியர் பாதைக்குத் திரும்புவது சாத்தியம், அதில் அவமானமும் இல்லை. இரண்டாவது படி ஏறி நாலு வருடம் ஆனபின், கோடிங் இன்டர்வியூவில் உட்காருவது வேறு கதை. அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன்பே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: ஆள் எடுக்கும் பட்ஜெட் யார் கையில், அப்ரைசலில் கடைசி வார்த்தை யாருடையது, டீம்களைப் பிரித்து அடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா. மூன்றுக்கும் "மேலே கேட்டுச் சொல்றோம்" என்றே பதில் வந்தால், அங்கே இந்தப் படிக்குத் தரும் டைரக்டர் பட்டம் மெயில் கையெழுத்தில் மட்டும்தான்.