அருகருகே நின்றும் ஒப்பிட முடியாத எண்கள்

தயாரிப்புத் தகவல் மேலாண்மை மென்பொருளில் இரண்டு கார் மாடல்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வேலை, நாள்தோறும் என் பொறுமையைச் சோதிக்கிறது. எஞ்சின் திறன் என்ற வரிசையில் ஒன்றுக்கு 100 என்றும் மற்றொன்றுக்கு 136 என்றும் இருக்கும். முன்னது கிலோவாட், பின்னது மெட்ரிக் குதிரைத்திறன், ஆக இரண்டும் ஒரே திறன்தான் என்பதை, அலகே பதிவாகாத அந்தக் கட்டம் சொல்வதில்லை. மென்பொருளோ அதைப் பெரிய வேறுபாடாகக் கருதி மஞ்சள் பூசிக் காட்டுகிறது.

எடை விவரம் இதைவிட மோசம். ஐரோப்பிய விதிப்படி ஓட்டத் தயாரான காரின் எடையில் ஓட்டுநருக்கென 75 கிலோ சேர்க்கப்படுகிறது. ஓட்டுநரைச் சேர்க்காத கணக்கும் புழக்கத்தில் உண்டு. எந்தக் கணக்கு என்று குறிக்காமல் எண்ணை மட்டும் ஏற்றினால், ஒரே வண்டி இரண்டு வண்டிகளாகத் தெரியும். அகலத்திலும் இதே கதைதான்: பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தா, சேர்க்காமலா?

எல்லாவற்றையும் விட என்னை வாட்டுவது வெற்றுக் கட்டம். சன்ரூஃப் என்ற இடம் காலியாக இருந்தால், அந்த வசதி வண்டியில் இல்லையா, அல்லது எவரும் இன்னும் நிரப்பவில்லையா என்று அறிய வழியில்லை. வாங்குபவர் அந்த வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்வார். நல்ல மாடல் ஒன்று அநியாயமாகக் கைவிடப்படும். அலகையும் அளவீட்டு முறையையும் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களாக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி இன்னும் எத்தனை முறைதான் மன்றாடுவது?